வர்ணத்துக்கு முன்னால் ஒரு பொன்னாடை

ஒபெரா வீட்டில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதல் கிழமை முழுக்க மேலே பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கூரையில் உடுப்பில்லாத தேவதைகள், தூண்களில் தங்கப்பூச்சு, நடுவில் ஒரு சிறிய வீட்டின் பருமனில் சரவிளக்கு. பாருங்கள், தவறில்லை. கழுத்து வலித்ததும் கீழே பாருங்கள். வேலை கீழேதான் இருக்கிறது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மேடைத் திரையை ஏற்றி இறக்குவது என் கடைசி உத்தியோகம். எங்கள் திரை இன்னமும் கையால் இழுக்கிற திரை. அதை எப்படி இழுப்பது என்று இதில் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்கு அரை நாளில் காட்டித்தருவார்கள். மிச்சத்தைத் தோள்மூட்டு சொல்லித்தரும். எப்போது இழுப்பது, யாருடைய முகத்துக்கு முன்னால் இழுப்பது என்பதை எவரும் காட்டித்தரமாட்டார்கள். அதற்குத்தான் இந்தக் கதை.

என்னைப்பற்றி இரண்டு வரி போதும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பு, பாங்கொக், மொஸ்கோ, உக்ரேன் காடு, ஒரு லொறியின் அடித்தட்டு, பாரிஸ். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கோழி வெட்டினேன். கூசேன்வில்லில் ஐந்து பேர் அறையில் முறைவைத்துப் படுத்து, விமானநிலையத்தில் பெட்டி தூக்கினேன். எபினேயில் ரொட்டி சுட்டேன். எந்த இடத்திலும் இரண்டு வருடம் தாங்கவில்லை. முதலாளிமார் கொடியவர்கள் என்பதல்ல. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. துப்புரவு வேலைக்கென்று இந்த வீட்டுக்குள் நுழைந்தவன் மட்டும் வெளியே போகவில்லை. மேடைக்குப் பின்னால் எவரும் உட்காருவதில்லை. அது எனக்குப் பிடித்துக்கொண்டது.

வீட்டின் பெயர் வேண்டாம். நகரசபைக்குச் சொந்தமான, பெரிய ஒபெராக்களோடு சேர்த்து எண்ணப்படாத ஒரு பழைய ஒபெரா வீடு. சக்கரவர்த்தி காலத்தில் கட்டியது என்று சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். பாட்டுக் கேட்பதற்குக் கட்டியது என்றும் சொல்வார்கள். அது பொய். பக்கச் சுவர்களில் பெட்டிபெட்டியாக இருக்கும் ஆசனங்களைப் போய்ப் பாருங்கள். மேடைக்கு மிகக் கிட்ட இருக்கும் பெட்டியில் உட்கார்ந்தால் மேடையில் பாதி தெரியாது. ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கிறவரை முழு மண்டபத்துக்கும் தெரியும். ஆகவே அந்தக் காலத்தில் அதுதான் ஆக உயர்ந்த இடம். ஊரில் யார் பெரியவன் என்று ஊருக்குக் காட்டக் கட்டிய வீடு இது. ஊர்க்காரர் சும்மா கொட்டாவி விடாமலிருக்க நடுவில் ஒரு மேடையும் வைத்தார்கள்.

பாட்டு மட்டுமா நடந்தது? போருக்குப் போங்கள் என்று இங்கே நின்று பேசினார்கள். போரில் செத்தவர்களுக்காக இங்கே நின்று அழுதார்கள். இரண்டையும் செய்தது ஒரே ஆட்கள் என்று எங்கள் பழைய வாயிற்காவலர் சொல்லுவார். பள்ளிக்கூடப் பரிசளிப்பு, தொழிற்சங்கக் கூட்டம், தேர்தல் பேச்சு, சீமாட்டிகளின் தர்ம நடனம், எல்லாம் இந்தப் பலகைமேல்தான். மேடையில் நின்று 'கயிறு' என்ற சொல்லைச் சொன்னால் கெட்டது நடக்கும் என்று வெள்ளைக்கார மேடையாட்கள் நம்புவார்கள். தேங்காய் உடைக்காவிட்டால் கெட்டது நடக்கும் என்று நம்மவர்கள் நம்புவார்கள். நான் இரண்டையும் நம்பாமல் இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்தேன். கெட்டதெல்லாம் பேச்சாளர்களால்தான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இந்த வீட்டை வட்டாரச் சங்கங்களுக்குக் கொடுப்பது வழக்கம். தனி ஆளுக்குக் கொடுக்கமாட்டார்கள். பதிவு செய்த சங்கம் கேட்கவேண்டும். இந்தச் செய்தி லா சப்பலுக்குப் போய்ச் சேர்ந்த நாள்முதல் நம்மவர்களின் அரங்கேற்றங்கள் இங்கே வந்து இறங்கின. அதுவரை புறநகர் விளையாட்டு மண்டபங்களில், கூடைப்பந்துக் கோட்டின்மேல், பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது தங்கத் தூண் வேண்டும். அழைப்பிதழில் சரவிளக்கின் படம் வேண்டும். தங்கத் தூணுக்கு ஒரு சங்கம் வேண்டும். சங்கத்துக்கு ஒரு தலைவர் இருப்பார்.

நான் சொல்லப்போகும் தலைவர் லா சப்பலில் பலசரக்குக் கடை நடத்துகிறவர். கலை பண்பாட்டுக் கழகம் ஒன்றை வைத்திருந்தார். கெட்டவரில்லை. வன்னியிலிருந்து போருக்குப் பிறகு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு ஒவ்வொன்றையும் அலைய விடாமல் செய்துகொடுத்தார்: மொழிபெயர்ப்புக்கு ஆள் பிடித்தார், வழக்கறிஞரிடம் கூட்டிப்போனார், வேலைக்குச் சொல்லிவிட்டார். செய்ததை மறக்கமாட்டார். உங்களையும் மறக்க விடமாட்டார்.

அப்படி அவர் கைதூக்கிவிட்ட குடும்பங்களில் ஒன்று தவராசாவுடையது. தவம் என்று கூப்பிடுவோம். விமானநிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. நான் அங்கிருந்த காலத்துப் பழக்கக்காரர் ஒருவர் மூலம் என்னைத் தெரிந்துகொண்டவர். அவருடைய மகள் நிருஜா தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். சிறு பிள்ளையாக முகாமிலிருந்து வந்தவள். இடது கெண்டைக்காலில் ஒரு சின்ன இரும்புத்துண்டு இருந்தது. எடுத்தால் நரம்பு போகலாம் என்று இங்குள்ள வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். உடம்பு சூடாக இருக்கும்வரை அந்தக் கால் மற்றக் கால் போலத்தான். குளிர்ந்தால் விறைத்துவிடும். இது அவளுடைய குருவுக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரியும். வேறு எவருக்கும் சொல்லக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. ஒத்திகை நாளில் மேடைக்குப் பின்னால் அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது எனக்கும் அதையே சொன்னாள்.

அவளுடைய அரங்கேற்றம் ஒரு குளிர்கால ஞாயிறு. சங்கங்கள் வருகிற நாட்களில் இந்த வீடு மேடைப் பக்கத்துக்குச் சூடு போடாது. ஆசனப் பக்கத்துக்கு மட்டும் போடும். வாடகைப் பேப்பரில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம்.

இன்னொரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தீயணைப்பு வீரர்கள் இருவர் பக்கவாட்டில் இல்லாமல் எங்கள் மேடையில் எதுவும் நடக்கக்கூடாது. அவர்களுடைய முறை முடிந்து அவர்கள் எழுந்து போனால் மேடை அன்றைக்குச் செத்தது. கெஞ்சமுடியாது, அழமுடியாது. மாலையில் வேறு குழு சாமான் இறக்க வரும். ஆகவே அரங்கேற்றத்துக்குக் கொடுத்த நேரம் கொடுத்ததுதான்.

மங்கள விளக்கிலேயே நேரம் கசியத் தொடங்கியது. குத்துவிளக்குக்கு ஐந்து முகம். தலைவர் கூட்டிவந்த பிரமுகர்கள் எட்டுப் பேர். யார் முதல் திரி, யார் கடைசித் திரி, யாருக்குத் திரியே இல்லை என்று விளக்கைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் பணிவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். திறந்த நெருப்பு என்பதால் தீயணைப்பு வீரர் ஒருவர் அணைகருவியோடு பக்கத்தில் நின்றார். அவருடைய சீருடையைப் பார்த்த ஒரு பிரமுகர் இவரும் அரச விருந்தினர்தான் என்று நினைத்து மெழுகுதிரியை அவர் கையில் கொடுத்துவிட்டார். அந்தப் பொடியன் முழித்துவிட்டு ஒரு திரியை ஏற்றினான். சனம் கைதட்டியது. நெருப்பை அணைக்கச் சம்பளம் வாங்குகிறவனைக் கொண்டு நெருப்பு வைத்த ஒரே கூட்டம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

பிறகு அவள் ஆடினாள். முதல் உருப்படிகள் ஒழுங்காகப் போயின. அடுத்தது வர்ணம். தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அரங்கேற்றத்தில் மற்றதெல்லாம் ஒரு பக்கம், வர்ணம் ஒரு பக்கம். முக்கால் மணித்தியாலம் நிற்காமல் ஆடவேண்டும். வர்ணம் ஆடாத அரங்கேற்றம் தாலி கட்டாத கலியாணம். அந்தப் பிள்ளை இத்தனை வருடம் காலைச் சூடாக்கிச் சூடாக்கிப் பழகியது இந்த ஒன்றுக்காக.

தலைவர் வாழ்த்துரைகள் எல்லாவற்றையும் சரியாக வர்ணத்துக்கு முன்னால் வைத்திருந்தார். ஏன் என்று ஒத்திகையன்றே கேட்டேன். வர்ணம் முடிந்தால் சனம் ரோல்ஸ் சாப்பிட வெளியே போய்விடும், பிறகு யார் இருந்து கேட்கிறது என்றார். நியாயமான மனிதர். தன்னுடைய பேச்சைக் கேட்க எவரும் காத்திருக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அந்தப் பிள்ளையின் வர்ணத்தைப் பணயமாகப் பிடித்து வைத்திருந்தார்.

திரையை இறக்கினேன். திரைக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கமான இடத்தில் பேச்சு மேசை. திரைக்குப் பின்னால் இருட்டில் வாத்தியக்காரர், குரு, பிள்ளை. முதலில் நகரசபைப் பெண்மணி ஒருவர் பேசினார். அவரும் நாங்களும் சேர்ந்தால் எவ்வளவு அழகான பல்நிற மாலை என்று சொன்னார். அவர் மண்டபத்துக்குள் வந்தது விளக்கு ஏற்ற. நடந்த நான்கு உருப்படிகளின்போதும் பெட்டியில் இருந்து தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். பேசி முடித்துப் பொன்னாடையை வாங்கி, வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். ஆனால் அவருக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். அவர் சுருக்கமாகப் பொய் சொன்னார்.

பிறகு தலைவர் எழுந்தார்.

எங்கள் மேடையை நடத்துகிறவள் ஒடில் என்ற பிரெஞ்சுக்காரி. விளக்கு, ஒலி, திரை எல்லாம் அவள் காதுக்கருவியில் சொல்லும் சொல்லுக்குத்தான் அசையும். வாய் கெட்டவள், வேலையில் நேர்மையானவள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இந்த ஆள் எப்போது முடிப்பான் என்று என்னிடம் கேட்டாள். அப்போதுதான் தலைவர் "இறுதியாக" என்று சொல்லியிருந்தார். நான் முடிக்கப்போகிறார் என்றேன்.

இத்தனை வருடம் நம்மவர்களின் கூட்டங்களில் கதிரை அடுக்கியும் எனக்கு அறிவு வரவில்லை. நம் பேச்சாளர்களுக்கு 'இறுதியாக' என்பது இடைத் தரிப்பிடம். அங்கே தண்ணீர் குடிப்பார்கள். 'நேரத்தின் அருமை கருதி' என்றால் புதிதாக ஒரு விஷயம் நினைவுக்கு வந்திருக்கிறது. 'ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன்' என்றால் நீங்கள் வெளியே போய்ச் சிகரெட் பிடித்துவிட்டு வரலாம். வேலையில் நீங்கள் மொழிபெயர்ப்பாளராக நிற்கவேண்டி வந்தால் சொல்லை மொழிபெயர்க்காதீர்கள், ஆளை மொழிபெயருங்கள்.

திரைக்குப் பின்னால் நிருஜா நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். சலங்கைச் சத்தம் வெளியே கேட்குமென்று குரு சைகை காட்டினார். குதிப்பதை நிறுத்திக் காலைத் தேய்த்தாள். தாய் தன் கம்பளிச் சால்வையை அந்தக் காலில் சுற்றிவிட்டு அதைப் பிடித்தபடி தரையில் இருந்தார். மிருதங்கக்காரர் இரண்டாம் தடவை சுருதி சேர்த்தார். குளிரில் தோல் இறங்கிக்கொண்டே இருந்தது. பாடுவதற்குச் சென்னையிலிருந்து கூப்பிட்ட அம்மா ஒருவர் போர்வையைப் போர்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"என்னங்க, இன்னும் எத்தனை பேர் பேசணும்?"

"இவருக்குப் பிறகு ஆறு பேர்."

"அப்ப மங்களம் பாடிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எங்க ஊர்லயும் இப்படித்தான், ஆனா அங்க குளிராது."

தீயணைப்பு வீரர்களில் மூத்தவர் ஒடிலிடம் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். மிஞ்சியிருந்தது ஒரு வர்ணத்தின் அளவு நேரம். அதற்குமேல் ஒரு சொட்டு இல்லை.

அந்த நேரத்தில்தான் தலைவர் கதையின் சுவையான இடத்துக்கு வந்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் நடுங்கியது. "இந்தப் பிள்ளையின் காலிலே, அன்பர்களே, அந்தக் கொடிய யுத்தம் விட்டுச்சென்ற இரும்பு இன்றைக்கும் இருக்கின்றது." மண்டபம் 'உச்சு' கொட்டியது. அவருக்குப் போதவில்லை. அந்த இரும்பு எப்படி வந்தது, யாருக்குப் பக்கத்தில் விழுந்தது என்று தொடங்கினார்.

நிருஜா தகப்பனைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டில் தவம் திரையின் ஓரத்தில் நின்றார்.

"அவருக்கு ஆர் சொன்னது?"

"நான்தான். மண்டபம் கேட்டுப் போனநேரம், ஏன் இதிலைதான் செய்யவேணும் எண்டு கேட்டார். பலகை மேடைதான் உன்ரை காலுக்கு நல்லது எண்டு, இரும்பு கிடக்கிறதை வாய் தவறிச் சொல்லிப்போட்டன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டும் சொன்னனான், பிள்ளை."

அவள் அழவில்லை. அழுதால் கண்மை போகும். "அப்பா, கால் விறைக்குது. இப்ப ஆடாட்டி இண்டைக்கு ஆடமாட்டன்" என்றாள். பிறகு பிரெஞ்சில், இனி எந்த நாளும் ஆடமாட்டேன் என்றாள். அது தகப்பனுக்கு விளங்கவேண்டாம் என்று பிரெஞ்சில் சொன்னாளோ தெரியாது. பத்து வருடம் விமானநிலையத்தில் வேலை செய்கிற மனிதனுக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும்.

ஒடிலுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. ஒலிபெருக்கியை அறுக்கிறேன் என்றாள். விரலை வைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவள் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் ஒலிபெருக்கியை நிறுத்தினால் தலைவர் வாயை நிறுத்துவாரா? தொண்டையைத் திறப்பார். வெள்ளைக்காரர் தமிழனின் குரலை நசுக்கிவிட்டார்கள் என்பார். சனம் எழும்பும். அவருக்கு அன்றைக்கே மாலை போட்டு வீரனாக்கிவிடுவார்கள். அந்தக் குடும்பம் அடுத்த நாள் லா சப்பல் தெருவில் நடக்கமுடியாது. வர்ணமும் நடக்காது. அதிகாரம் கையில் இருக்கிறது என்பதற்காக விசையை அழுத்துகிறவன் மூடன். எதிரே நிற்கிறவனுக்கு எது பிடிக்கும் என்று பாருங்கள். பெரிய மனிதனைத் தடுத்துத் தடுக்கமுடியாது. கௌரவித்துத்தான் தடுக்கமுடியும்.

பக்கவாட்டு மேசையில், தாம்பாளத்தில், பொன்னாடைகள் மடித்து அடுக்கியிருந்தன. பேசி முடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. நம் வழக்கம் அதுதானே: பேச்சு முடிந்தால் பொன்னாடை. எத்தனை நூறு தடவை பார்த்திருக்கிறேன். பொன்னாடை தோளில் விழுந்தவுடன் மனிதன் குனிவான், கும்பிடுவான், படப்பிடிப்பாளரைத் தேடுவான், இறங்குவான். பொன்னாடைக்குப் பிறகு பேசியவன் ஒருவனையும் நான் கண்டதில்லை. அப்படியானால் பேச்சு முடிந்து பொன்னாடை என்று ஏன் காத்திருக்கவேண்டும்?

ஒன்றை எடுத்துத் தவத்திடம் நீட்டினேன்.

"போய்ப் போடு."

"அவர் இன்னும் முடிக்கேல்லையே அண்ணை."

"அதுக்குத்தான் சொல்லுறன்."

அவருக்கு விளங்கியது. விளங்கியபிறகுதான் பயம் வந்தது. "என்ரை வழக்கெல்லாம் அவர்தான் பாத்துத் தந்தவர். மச்சானின்ரை விசா அலுவலும் அவரின்ரை கையிலைதான் கிடக்கு. நாளைக்கு அவரின்ரை முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"முகத்தைப் பாக்காதை. தோளைப் பாத்துப் போடு."

அவர் நின்றார். தலைவர் வெளியே, குண்டு விழுந்த இடத்தில், தாயின் கதறலை வருணித்துக்கொண்டிருந்தார். அந்தத் தாய் உள்ளே மகளின் காலைப் பிடித்தபடி இருந்தார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். தவம் பொன்னாடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மற்ற ஆறு பேர் இருந்தார்களே. நிகழ்ச்சியை அறிவிக்கிற பெண் மறுபக்கத்தில் நின்றாள். நல்ல குரல், பயந்த சுபாவம். மேடைக்குப் பின்னால் சுற்றி ஓடிப்போய், தலைவரின் தோளில் பொன்னாடை விழுந்த மறுகணம் மற்ற ஆறு பேரையும் பெயர் சொல்லி ஒன்றாக மேடைக்குக் கூப்பிடச் சொன்னேன்.

"தலைவர் ஏசுவார், ஐயா."

"ஏசட்டும். மைக் அப்ப உம்மட்டைத்தானே இருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு மனிதர் பயப்படுவது குறைவு. நான் திரும்பி ஓடிவந்து என் இடத்தில் நின்று ஒடிலிடம் சொன்னேன்: எல்லாரும் வரிசையாக நின்று படம் எடுக்கும்போது கைதட்டு வரும், அப்போது திரையை ஏற்றவேண்டும். நிகழ்ச்சி நிரலில் அப்படி ஒன்று இல்லை என்றாள். இல்லை என்றேன். அவர்கள் மேடையில் நிற்கிறார்களே என்றாள். ஓம், நிற்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். காதுக்கருவியில் அவள் சிரிப்பதை அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டேன்.

தவம் வெளியே போனார். கல்யாண வீட்டில் முதல்முதல் சபைக்கு வருகிற மாப்பிள்ளைபோல நடந்தார். தலைவர் ஒரு வசனத்தின் நடுவில் இருந்தார். பின்னாலிருந்து தோளில் சரிகை விழுந்தது. அவருடைய வாய் அடுத்த சொல்லுக்குத் திறந்தபடி இருக்க, கைகள் தம்பாட்டில் குவிந்தன, முதுகு தம்பாட்டில் வளைந்தது. வருடக்கணக்கான பழக்கம். உடம்பு மூளையிடம் கேட்கவில்லை. படப்பிடிப்பாளர் வெளிச்சம் அடித்தார். சனத்துக்கு விடுதலை கிடைத்ததுபோல ஒரு கைதட்டு எழும்பியது. எத்தனை பேர் அதற்காகக் காத்திருந்தார்கள் என்று அந்தக் கைதட்டில் தெரிந்தது.

அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் ஆறு பெயர்களையும் வாசித்தாள். ஒருவராவது 'நான் பேசவேண்டுமே' என்று இழுப்பார் என்று பயந்தேன். வீண் பயம். பொன்னாடை என்றதும் ஆறு பேரும் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். யார் நடுவில் நிற்பது என்பதற்கு மட்டும் சிறிய தள்ளுமுள்ளு. பக்கவாட்டில் நின்ற தவத்தின் சொந்தக்காரர் இரண்டு பேர் தாம்பாளத்தோடு ஓடிப்போய் மளமளவென்று போர்த்தார்கள். ஏழு பேர், ஏழு சரிகை, ஏழு புன்னகை. படப்பிடிப்பாளர் இன்னும் கொஞ்சம் கிட்ட வரச் சொன்னார்.

"டொப்" என்றாள் ஒடில். எங்கள் வேலையில் அதற்கு 'செய்' என்று பொருள்.

இழுத்தேன். மெல்ல இழுக்கவில்லை.

ஏழு முதுகுகளுக்குப் பின்னால் திரை மேலே போனது. மேடை முழுக்க வெளிச்சம். நடுவில் அந்தப் பிள்ளை இடுப்பில் கை வைத்து, முழங்கால் மடித்து, ஆயத்தமாக நின்றாள். குரு தாளத்தைத் தட்டிவிட்டார். மிருதங்கம் விழுந்தது. பிரமுகர்களுக்கு முதலில் விளங்கவில்லை; தங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் எல்லாம் திடீரென்று தங்களைத் தாண்டிப் போவதை மட்டும் கண்டார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். ஆடவருகிற பிள்ளைக்கு முன்னால் நின்று மறைக்கத் துணிவு வேண்டும். அவர்களில் எவருக்கும் அது இருக்கவில்லை. பக்கப் படிக்கட்டால் ஒருவர் சால்வையை ஒருவர் மிதித்துக்கொண்டு இறங்கினார்கள். தலைவர் கடைசியாக இறங்கினார், ஒலிவாங்கி இருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு.

அவள் நன்றாக ஆடினாளா என்று கேட்காதீர்கள். எனக்குப் பரதம் தெரியாது. முதல் பகுதியில் இடதுகாலை மிதிக்காமல் மிதித்தாள். குருவும் தாளத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். போகப்போகக் கால் பிடித்துக்கொண்டது. கடைசி ஜதிகளில் பலகை அதிர்ந்தது எனக்குக் கையில் தெரிந்தது. முடித்தாள். அதற்குப் பிறகு ஆடவேண்டிய பதமும் தில்லானாவும் இல்லாமல் போயின. தீயணைப்பு வீரர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மங்களத்தைத் திரை இறங்கும்போதே பாடினார்கள். அரை அரங்கேற்றம் என்று பிறகு சிலர் சொன்னார்களாம். சொன்னவர்கள் வர்ணத்தின்போது ரோல்ஸ் வரிசையில் நின்றவர்கள்.

தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். சால்வையைக் கழற்றவில்லை. திரையைத் தூக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான் ஒடிலைக் காட்டினேன். ஒடில் தன்னைத் தானே காட்டினாள். பிரெஞ்சுக்காரியோடு சண்டைபிடிக்க அவருக்கு விருப்பமில்லை. அடுத்த வருடத்து ஞாயிறுகள் இருக்கின்றன. தமிழன் என்றால் பிடித்திருப்பார். அதனால்தான் அவளைக் காட்டினேன். இதையும் படித்துக்கொள்ளுங்கள்: கோபம் எந்தப் பக்கம் பாயாதோ அந்தப் பக்கம் அதைத் திருப்பிவிடுங்கள்.

வீட்டின் இயக்குநர் அடுத்த நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். யாரோ தொலைபேசியில் முறையிட்டிருக்கிறார்கள். சமூகம் ஒன்றின் மனம் புண்பட்டிருக்கிறதா என்று கவலைப்பட்டார். அவர் ஒரு ஞாயிறுகூட மண்டபத்துக்குள் கால் வைத்ததில்லை. யாரும் விழுந்து அடிபடவில்லை, கொடுத்த நேரத்துக்கு மேடை காலியானது என்று ஒடில் சொன்னாள். அவருடைய கவலை அங்கேயே தீர்ந்தது.

தலைவரும் தோற்றுப்போனார் என்று நினைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்கள் தோற்பதில்லை. அடுத்த வருடம் தன் கழக விழாவில், விருந்தினர்களை ஒரே தடவையில் ஒன்றாகக் கௌரவிக்கும் புதிய முறையைத் தான் அறிமுகப்படுத்துவதாக அறிவித்தார். அதன் அவசியத்தை விளக்கி அரை மணித்தியாலம் பேசினார்.

தவத்தைச் சில மாதங்களுக்குப் பிறகு பஜோல் தெருவில், கோயில் வாசலில் கண்டேன். மச்சானின் அலுவல் என்னவாயிற்று என்று கேட்டேன். தலைவர் கையை விரித்துவிட்டாராம். இவரே லீவு போட்டு அலுவலகங்களுக்கு அலைகிறாராம். கண்டாலும் தலைவர் கதைப்பதில்லையாம். எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. பொன்னாடையைக் கையில் திணித்தவன் நான். விலை கொடுக்கிறவர் அவர்.

"அவரின்ரை கடைப்பக்கம் போறேல்லையோ?"

"இல்லை அண்ணை. இப்ப அங்காலை மூலைக்கடையிலைதான் சாமான்."

"தூரமெல்லோ?"

"தூரம்தான்." கையிலிருந்த பையைத் திறந்து எனக்குக் காட்டினார். "பாருங்கோ, கறிவேப்பிலை எவ்வளவு பச்சையாக் கிடக்கெண்டு. இவ்வளவு காலமும் அந்தாள் எங்களுக்கு வாடினதைத்தான் வித்திருக்குது."